அளவுகோல் யார் கையில்?

வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கவும் ஒழிக்கவும் மலேசிய மனிதவள அமைச்சு 1999ஆம் ஆண்டில் நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. சொல், சைகை, காட்சி, உளவழித் துன்பம், உடல் தீண்டல் எனத் தொல்லையின் வடிவங்களை ஐந்தாக வகுத்துக் காட்டிய சிறப்பு அதற்கு உண்டு. ஆனால் அதை ஏற்பதும் விடுப்பதும் முதலாளியின் விருப்பமாகவே இருந்தது. புகாரை விசாரிக்கும் கடமையைச் சட்டமாக்கிய திருத்தம் 2012 ஏப்ரலில்தான் நடப்புக்கு வந்தது. எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பைத் தொங்கவிட வேண்டும் என்ற விதி 2023 சனவரியில் வந்தது. இடையே, 2022ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் தீர்ப்பாயத்திற்கும் வழி செய்தது.

இவை யாவும் வரவேற்கத்தக்கன. எனினும் இவற்றின் பயனை அளப்பது எவ்வாறு? மேற்பார்வைக்கு வருபவர் சுவரில் அறிவிப்பைக் காண்பார், பதிவேட்டைப் புரட்டுவார், புகார் ஒன்றுமில்லையெனில் திட்டம் வென்றது என்றெழுதிச் செல்வார். இது பிழையான கணக்கு. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண், மண்டோரின் பெயரைச் சொன்னால் நாளைய வேலை என்னாகும் என்று அஞ்சியும் வாய்மூடியிருக்கலாம் அல்லவா? நம்பிக்கை பிறந்த இடத்தில் தொடக்கத்தில் புகார் கூடுவதே இயல்பு.

பெண்ணிய மதிப்பீட்டு முறையினர் கேள்வியையே மாற்றுகின்றனர். எதை வெற்றி என்பது என்பதைத் தொழிலாளிப் பெண்களே முடிவு செய்ய வேண்டும் என்பர். வேலையிடத்தின் படத்தை அவர்களே வரைந்து, அஞ்சும் இடங்களைக் குறிப்பதும் ஒரு வழி. எழுத்தறியாதவரும் இதிற் பங்கு பெறலாம். ஸ்டோருக்குத் தனியே செல்ல அச்சமில்லை என்று ஒருத்தி சொல்வது எந்தப் பதிவேட்டிலும் அகப்படாத சான்று.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் 2021இல் கொலையுண்டார். அதன் பின்னர், 2022இல் தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு உடன்பாடு கண்டது. அதன்படி, வேலைத் தளத்துத் தொழிலாளர்களே கண்காணிப்பாளராயினர்.

இம்முறையிலும் குறையுண்டு. விடியுமுன் எழுந்து, வேலை முடிந்து அடுப்பையும் பார்க்க வேண்டியவளைக் கூட்டத்திற்கு அழைப்பவர் அந்நேரத்திற்குக் கூலி தருவரா? சிறு தோட்டத்தில் பெயரை மறைத்தாலும், சொன்னவள் யாரென்று லயம் முழுவதும் அறிந்துவிடும். ஆய்வாளர் சிலரின் முடிவுரையோ பேசிய பெண்களுக்கே புரியாத மொழியில் அச்சாகிறது. அஃது எவ்வகைப் பங்கேற்போ! வேலை அனுமதியே முதலாளியைச் சார்ந்திருக்கும் வெளிநாட்டுப் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்களை அழைக்காமல் வரையும் படத்தில் பாதித் தோட்டம் விடுபட்டுப் போகும்.