பூண்டி நீரியல் மாதிரிகளும் பொறியியல் அறிவும்: வின்சென்டியின் கருத்தாக்கம் குறித்த திறனாய்வு

முன்னுரை

பொறியியல் என்பது அறிவியலின் பயன்பாடு மட்டுமே என்னும் கருத்தை வால்டர் வின்சென்டி, பொறியாளர்களின் அறிவு குறித்து 1990இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். வானூர்தி வடிவமைப்பின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, பொறியாளர்கள் தமக்குத் தேவையான அறிவைத் தாமே உருவாக்குகின்றனர் என அவர் நிறுவினார். அக்கருத்து ஓர் அரசுத்துறைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டப் பூண்டியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதிரியும் பட்டறிவும்

திருத்தணியில் ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றின் துணையாறு. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டது பூண்டி நீர்த்தேக்கம். அங்கு அரசின் நீரியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. அணை, மதகு போன்றவற்றின் சிறு மாதிரிகளில் நீரைச் செலுத்திச் சோதிப்பது நீரியல் ஆய்வின் அடிப்படை முறையாகும். 1:25 அளவிலான மாதிரியில் நீரின் வேகம் 5இல் ஒரு பங்காகவும், பாயும் அளவு 3,125இல் ஒரு பங்காகவும் அமைய வேண்டும் என்பது ஃபுரூடு விதி. ஆனால் ஆற்றுமணலை 25இல் ஒரு பங்காகச் சிறுக்கினால் அது வண்டலைப்போல் நடந்துகொள்ளும். அதற்கு மாற்றாக எப்பொருளை இடுவது, கிடைக்கும் முடிவை எவ்வளவு நம்புவது என்பனவற்றை அவ்விதி கூறுவதில்லை. முந்தைய சோதனைகளின் பட்டறிவே கூறுகிறது. இங்கு வின்சென்டியின் கருத்து முழுமையாகப் பொருந்துகிறது.

கருத்தாக்கத்தின் எல்லை

விமானிகளின் உணர்வுகளைப் பொறியாளர்கள் கேட்டறிந்து, அவற்றை அளவிடத்தக்க வரையறைகளாக மாற்றிய வரலாற்றையும் வின்சென்டி விளக்குகிறார். அங்கு பயன்படுத்துவோரின் சொல் வடிவமைப்பாளரைச் சென்றடைந்தது. நீர்வளத்துறை போன்ற அமைப்பிலோ வினா எழுப்புபவர் களப்பொறியாளர். விடை காண்பவர் ஆய்வகப் பொறியாளர். வெள்ளத்தின்போது மதகருகே நிற்பவர் லஸ்கர். லஸ்கர் கண்டது ஆய்வகத்துக்குத் திரும்பாவிடில் மாதிரியின் பிழை பிழையென்றே அறியப்படாது. பணியிட மாறுதலும் ஓய்வும் எழுதப்படாத அறிவை உடன் கொண்டுசெல்கின்றன.

இதனினும் கடினமானது எல்லைச் சிக்கல். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பூண்டிக்கு நீர் தரும் நகரியாற்றின் மேற்பகுதியோ ஆந்திரத்தில் உள்ளது. ஆகவே வெள்ளத்தை முதலில் காண்பவரும் அதனைத் தேக்குபவரும் வெவ்வேறு அரசுகளின் பணியாளர்களாவர். அமைப்புகளுக்கு இடைப்பட்ட இவ்விடைவெளிக்கு வின்சென்டியின் வகைப்பாட்டில் தனி இடமில்லை.

முடிவுரை

பொறியியல் அறிவு எங்கு உருவாகிறது என்பதற்கு வின்சென்டி தெளிவான விடை தருகிறார். அது எவ்வழியே திரும்பி வருகிறது என்னும் வினாவையும் அதனுடன் சேர்த்தாலன்றி, பூண்டி போன்ற அரசு ஆய்வகங்களின் அறிவு வரலாறு முழுமை பெறாது. ஆற்றங்கரையில் வாழ்வோரின் பாதுகாப்பு அவ்வழியைச் சார்ந்துள்ளது.