பரிமாறுகிறவருக்கு ஓர் இலை

தைப்பூசம் நெருங்குகிற நாட்களில் குஜிலியம்பாறை வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டங்களுக்கு வழிநெடுகப் பந்தலிட்டு அன்னமிடுகிற வழக்கத்தை, இப்போது சில அன்பர்கள் ஒரு புதிய பெயரால் புகழத் தொடங்கியிருக்கிறார்கள். பிரயாணத்தில் உணவைப் பகிர்ந்துகொள்ளுதல் ஓர் ஆத்மிக சாதனம் என்றும், அந்தச் சாதனம் வேறெங்கும் காணக் கிடைக்காத பூரணத்துவத்தோடு நம் பந்தல்களில் நடக்கிறது என்றும் அவர்கள் எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துக் கூட்டமொன்றில் ஒருவர் இதையே ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேச, கேட்டிருந்தவர்களில் பலர் கண் கலங்கினார்கள். எனக்கோ 'பகிர்தல்' என்ற அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

பந்தல்களின் நன்மையை மறுப்பதற்கில்லை. கொப்புளம் கண்ட பாதங்களோடு விடியுமுன் வந்து சேருகிறவனுக்குச் சுக்குக் காபியும் சுடு பொங்கலும் தருகிற கை வணங்கத்தக்க கை. வருகிறவன் எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. 1867 மே 23இல் வள்ளற்பெருமான் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாதிருக்கிறது. 2002 முதல் அறநிலையத் துறையே கோயில்களில் அன்னதானம் நடத்துகிறது. பழனியில் 2012 முதல் அது நாள் முழுவதும் நடக்கிறது. பசித்த வயிறு நிறைவதில் குற்றம் காண்கிறவன் மனிதனல்லன். இவ்வளவையும் மனமார ஒப்புக்கொண்ட பிறகும் என்னிடம் எஞ்சி நிற்கிற ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான். பல வருஷங்களாக எனக்குள் இருக்கிற ஆட்சேபம் அது. பந்தலில் பரிமாறுகிறவர் அங்கே உண்பதில்லை.

ஒரு பந்தலில் நான் காலை முதல் மதியம் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தகரக் கொட்டகை, இரண்டு அண்டா, சாம்பார் வாளி, அடுக்கடுக்காகப் பாக்குமட்டைத் தட்டுகள். பந்தலுக்குடையவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்குங்க சாமி" என்று கெஞ்சாத குறையாகப் பரிமாறினார். முந்திய பந்தலில் உண்டு வந்தவர்கள்கூட அந்தக் கெஞ்சலுக்கு இரங்கி வாங்கிக்கொண்டு, நாலடி நடந்து, பாதியை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். கூட்டம் ஓய்ந்த பின், எனக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டு, "நீங்களும் உட்காருங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "நாங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்குவோம்ங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் நல்ல மனிதர்; அதில் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. ஆயினும் ஆயிரம் பேருக்கு அன்னமிட்டவர் அவர்களில் ஒருவரோடும் உண்ணவில்லை என்பதும், அந்த அண்டாவிலிருந்து ஒரு பருக்கையும் அவர் நாவில் படவில்லை என்பதும் நான் கண்ணாரக் கண்ட உண்மை.

விருந்தினர் உண்ட பிறகே தான் உண்பது தமிழர் மரபல்லவா என்று சிலர் மறுமொழி சொல்லக்கூடும். மெய்தான், ஆனால் அந்த மரபில் வீட்டுக்காரர் கடைசியில் உண்பது விருந்தினர் உண்ட அதே பானையிலிருந்து அல்லவா? வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் அறங்களுக்கெல்லாம் தலையாகச் சொன்ன செயலில் பகுத்தலும் இருக்கிறது, உண்ணுதலும் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. உண்ணாமல் கொடுப்பதற்குத் தானம் என்று பெயர். தானம் மேலான தர்மமே. ஆனாலும் கொடுப்பவன் நிற்கிறான், கொள்பவன் குந்துகிறான். எத்தனை பணிவோடு செய்தாலும் அந்த உயர வித்தியாசம் அப்படியே இருக்கும். அந்த வித்தியாசம் இருக்கிற இடத்தில் அகங்காரம் சுகமாகக் குடியிருக்கும். பஞ்சாபில் சீக்கியர்கள் நடத்துகிற லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தைப் பற்றி, மூன்றாம் குருவாகிய அமர்தாஸ், தம்மைத் தரிசிக்க வருகிறவர் எவராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டே வரவேண்டும் என்று விதித்ததாக அவர்கள் மரபு கூறுகிறது. அந்த விதியில் சோற்றைக் காட்டிலும் பந்திக்குத்தான் பிரதானம்.

பந்தல்கள் பெருகுவதற்கு முன் நடையாத்திரை எப்படி இருந்தது என்பது எனக்குச் சிறு வயது ஞாபகம். அவரவர் கட்டுச்சோற்றோடு நடந்த காலம். ஏழெட்டு வயதில் என் அப்பத்தாவோடு பழனிக்கு நடந்தபோது, ஒரு சாயங்காலம் ஒட்டன்சத்திரத்துக்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் தங்கினோம். அப்பத்தா வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தாள்; இரண்டு நாளான புளிச்சோறு, நல்லெண்ணெய் கசிந்து இலையெல்லாம் பளபளத்தது. பக்கத்துக் குடும்பத்தார் கம்பஞ்சோற்று உருண்டையும் நார்த்தங்காயும் எடுத்தார்கள். இவள் ஒரு பிடி அங்கே வைத்தாள், அவர்கள் ஓர் உருண்டை இங்கே வைத்தார்கள். பேர் கேட்கவில்லை, ஊர் மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இதுவல்லவோ பகிர்தல் என்று பின்னாட்களில் நானும் அந்தக் கூட்டத்துப் பேச்சாளரைப் போலவே உருகிப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த மரத்தடியில் வேறொன்றும் நடந்தது. சற்றுத் தள்ளி ஒரு கிழவி தனியே உட்கார்ந்திருந்தாள்; எல்லாரும் உண்டு முடிகிற வரையில் தன் மூட்டையை அவள் அவிழ்க்கவேயில்லை. அப்பத்தா எழுந்து போய் அவளுக்கும் ஒரு பிடி புளிச்சோறு கொடுத்தாள். அவள் அவசர அவசரமாகத் தன் மூட்டையைப் பிரித்து, வெல்லம் கலந்த அவலை இரண்டு கையாலும் அள்ளி நீட்டினாள். அப்பத்தா ஓரடி பின்வாங்கி, "நீயே வச்சுக்க ஆத்தா" என்றாள். நீட்டிய கை அப்படியே சிறிது நேரம் இருந்துவிட்டு மடிக்குத் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா கருணையில்லாதவள் அல்லள். கொடுப்பது அவளுக்கு எளிதாக இருந்தது, வாங்குவது முடியவில்லை. நம் தேசத்தில் அன்னத்தைக் குறித்த ஸங்கடம் முழுவதும் இந்த இரண்டாவது காரியத்தில்தான் இருக்கிறது என்பதை, பந்தல்களைப் புகழ்கிறவர்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதேயில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், ராமேசுவர யாத்திரை வழியிலுள்ள சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லாப் பிரயாணிகளுக்கும் சமைத்த சோறு அளிக்கப்படுவதையும், அதை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் சம்பாரங்களும் அளந்து கொடுக்கப்படுவதையும் விவரிக்கிறார். கொடையின் விசாலத்துக்கு அந்தக் கடிதம் சான்று. பிறர் கைச் சோற்றை ஏற்காதவனுக்காகத் தனியே அரிசி அளக்க வேண்டியிருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

சென்ற நூற்றாண்டில் பந்தி வேற்றுமையை எதிர்த்துத் தமிழ்நாட்டை உலுக்கிய போராட்டங்களில் சோறு போதவில்லை என்ற புகாரே எழவில்லை. 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவிட்டதே வ. வே. சு. ஐயரைப் போன்ற தியாகியின் நிறுவனத்தையும் நிலைகுலையச் செய்தது. ரயில் நிலையங்களில் பிரயாணிகள் உண்ணுகிற இடம் பிராமணருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று பிரிந்திருந்த ஏற்பாடு, நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. ஒழிந்ததெல்லாம் பழைய கதை என்று சொல்லவும் வழியில்லை. குஜிலியம்பாறையிலிருந்து அதிக தூரமில்லாத கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூர் அரசுப் பள்ளியில், பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் தம் குழந்தைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. 2023 செப்டம்பரில் மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அந்த உணவை உண்ண நேர்ந்தது. ஆட்சியர் அங்கே எவருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் கைச் சோற்றை வாங்கி உண்டார். அதுவே அங்கே செய்ய வேண்டியிருந்த காரியம்.

இந்தக் கண்ணோடு நம் சாலைப் பந்தல்களைப் பாருங்கள். நாற்பது வருஷங்களாக நானும் பார்க்கிறேன்: ஊர்ப் பெரியவர்கள் போட்ட பந்தல், வணிகர்கள் போட்ட பந்தல், வெளியூர் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்த இளைஞர்கள் போட்ட பந்தல். ஊருக்கு வெளியே காலனியில் வாழும் பட்டியல் சமூகத்தார் அண்டா வைத்து, ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கி உண்ட பந்தல் ஒன்றும் இன்றுவரை என் கண்ணில் படவில்லை. காலனிப் பெண்கள் பந்தலுக்கு வருகிறார்கள். தட்டுகளைக் கூட்டி அள்ளுகிறார்கள். கடைசியில் மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறார்கள். வருகிறவனை ஜாதி கேட்பதில்லை என்கிற பெருமை, கொடுக்கிறவனுக்கு ஜாதி உண்டு என்பதை மறைத்துவிடுகிறது. எல்லாருக்கும் கொடுப்பேன், சிலரிடம் வாங்கமாட்டேன் என்கிற நெஞ்சம், எத்தனை மூட்டை அரிசி பொங்கினாலும், பகிர்தல் என்ற சொல்லுக்குப் பாத்தியதை கொண்டாட முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மணிமேகலையில் வருகிற ஆபுத்திரனை நினைத்துக்கொள்கிறேன். ஊரார் ஒதுக்கித் துரத்தியவன். மதுரைக்கு வந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்று, குருடரையும் செவிடரையும் முடவரையும் அழைத்து உண்ணச் செய்து, அவர்கள் உண்டு மிஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பிச்சையோட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன். வாங்குவதும் கொடுப்பதும் உண்பதும் அவனுக்கு ஒரே பாத்திரத்தில் நடந்தன. பின்னர் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. நாட்டில் மழை பெய்து பசி நீங்கியபோதோ, உண்ண வருவார் இல்லாமல் அவன் ஊர் ஊராகச் சென்று உண்பார் உண்டா என்று வினவினான். வயிறு நிறைந்தவர்களை வற்புறுத்தி ஊட்ட அவன் நிற்கவில்லை. பசி எங்கே இருக்கிறது என்று விசாரித்து, பஞ்சம் பட்ட சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் இறங்கியவனைக் கப்பல் விட்டுப் போய்விட, எத்தனை உயிரையும் ஊட்டவல்ல பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்காகப் பிடிக்க மனமில்லாமல், அதைப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பிரயாணத்தில் உணவைப் பகிர்ந்துகொள்வதை ஆத்மிக சாதனமாக உண்மையிலேயே கைக்கொண்டவன் அவன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 3இல், அண்ணாவின் நினைவு நாளில், கோயில்களில் பொது விருந்து நடத்தி அமைச்சரும் அதிகாரியும் மக்களோடு ஒரே வரிசையில் அமரும் வழக்கத்தை அரசாங்கம் வைத்திருக்கிறது. தைப்பூசமும் ஏறக்குறைய அந்த நாட்களிலேயே வருகிறது. பந்தல் போடுகிற அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. வருகிற பூசத்தில், முதல் பந்தி உட்காரும்போது அந்த வரிசையிலேயே உங்களுக்கும் ஓர் இலை போட்டுக்கொள்ளுங்கள். காலனியிலிருந்து ஒரு பானைப் பொங்கலைக் கேட்டு வாங்குங்கள். சமைத்தவரே வந்து பரிமாறட்டும். அதில் முதற் கரண்டி உங்கள் இலையில் விழட்டும்.