குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பினாங்கு மக்கள் பயன்படுத்தும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கெடாவின் உலு மூடா காட்டில் ஊறி, இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேரும் ஆறு அது. லஹார் தியாங்கில் எடுக்கும் நீரைச் சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். ஜோர்ஜ்டவுனில் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாவிட்டால் குற்றம் பிள்ளைகளுடையதன்று. தொடக்கப்பள்ளியில் புவியியல் என்று தனியாக ஒரு பாடமே இல்லை. அது படிவம் ஒன்றில்தான் வருகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1980களில் 'ஆலாம் டான் மனுசியா' என்ற பாடம் இருந்தது. இயற்கையையும் மனிதனையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்த பாடம். 1990களின் நடுவில் அது அறிவியல், 'கஜியான் தெம்பாத்தான்' (வட்டார ஆய்வு) என்று இரண்டாகப் பிரிந்தது. 2014 முதல் கஜியான் தெம்பாத்தான் படிப்படியாக விலக, அந்த இடத்தில் வரலாறு நான்காம் ஆண்டிலிருந்தே வந்து உட்கார்ந்தது.

கஜியான் தெம்பாத்தானை இன்று பலர் ஏக்கத்தோடு நினைக்கிறார்கள். பாதி ஏக்கம் நியாயமானது. வீடு, பள்ளி, வட்டாரம், மாநிலம், நாடு என்று அருகிலிருந்து தொலைவுக்கு விரிந்த வரிசை, பத்து வயதுப் பிள்ளையின் மனத்துக்கு ஒத்தது. ஆனால் அன்று ஆறாம் ஆண்டில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அதற்கு இடமிருக்கவில்லை. தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணிதம் விழுங்கிவிடும். மிஞ்சிய வேளையில் நடந்ததும் பெரும்பாலும் மனப்பாடம்தான்: பேராக் என்றால் ஈயம், கெடா என்றால் நெல், திரங்கானு என்றால் எண்ணெய். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்ட பிறகும், பேராக்குக்கு நேரே ஈயம்தான் நின்றது. வளம் தீரும், விலை விழும், அதை நம்பிய ஊர் காலியாகும் என்பதற்கு அட்டவணையில் கட்டம் ஏது?

அந்த அட்டவணைக்குள் அடங்காத மாநிலம் என்றால் அது பினாங்குதான். நிலத்தைத் தோண்டி எடுக்க இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கப்பல் ஒதுங்க வாகான கால்வாய்தான் இதன் வளம். 1786இல் பிரான்சிஸ் லைட் கண் வைத்ததும் அதன்மேல்தான். கிந்தாவில் எடுத்த ஈயம் டத்தோ கிராமாட்டிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டுக் கப்பலேறியதற்கும் அதுவே காரணம். இடம் என்பதே வளமாகும் என்பதை ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டால் சிங்கப்பூரும் கொழும்பும் தாமாகவே விளங்கும். பட்டியலால் இதைச் செய்ய முடியாது. தேசப்படத்தை விரித்து வைத்துக் கேள்வி கேட்கும் ஆசிரியரால் முடியும்.

இன்றைய வரலாற்றுப் பாடத்தையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நான்காம் ஆண்டுப் பாடம் குடும்பம், பள்ளி, வாழுமிடம் என்றுதான் தொடங்குகிறது. பின்னர் பனிக்காலத்துக்கும் அரசுகளுக்கும் தாவியதும் வாழுமிடம் காணாமல் போகிறது. செபராங் பிறையின் வடக்கே பெனாகா பக்கம் குவார் கெப்பா இருக்கிறது. 2017இல் அங்கே சிப்பி மேட்டுக்குள் புதிய கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல். இன்றைய கடற்கரையிலிருந்து விலகிய இடத்தில் அவ்வளவு சிப்பி எப்படி வந்தது என்ற ஒரு கேள்வி போதும், வரலாறும் புவியியலும் ஒரே வகுப்பில் கைகோக்கும்.

வகுப்பறை தவறவிட்டதை வெளியார் சிலர் செய்துவருகிறார்கள். பினாங்கு கரையோர மீனவர் நல அமைப்பான பிஃப்வா, சுங்கை ஆச்சே பக்கம் மாணவர்களைச் சேற்றில் இறக்கி அலையாத்திக் கன்று நடவைக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடத் துணை நிற்கிறது. இவற்றின் பலம் மறுக்க முடியாதது: கற்பிப்பவர் அந்த வளத்தை நம்பிப் பிழைப்பவர். அலையாத்தி அழிந்தால் இறால் குஞ்சுக்கு இடமில்லை என்று மீனவர் சொல்லும்போது அதில் அவருடைய அடுப்பும் எரிகிறது. பலவீனம் பள்ளியின் பக்கம் இருக்கிறது. போவதற்கு முன் வரைபடம் பார்ப்பதில்லை. வந்த பின் ஒரு பயிற்றி, முகநூலில் நான்கு படம், அதோடு சரி. புறப்பாட நடவடிக்கைக் கோப்பில் ஒரு தாள் கூடியதுதான் மிச்சம்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பல, இன்னும் தோட்டத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன: பத்து காவான், வால்டோர், ஜூரு, மாலாக்கோஃப். முதலில் கரும்பு, பிறகு பால்மரம், பிறகு செம்பனை; இன்று பத்து காவானில் மின்னணுத் தொழிற்சாலைகள். ஒரே மண், நான்கு பிழைப்பு. பாட்டன் பால் வெட்டிய நிலத்தில் பேத்தி சில்லு ஆலைக்குப் போகிறாள். இதைவிட நல்ல இயற்கை வளப் பாடத்தை எந்தப் பாடநூல் தரும்? பள்ளிப் பெயர்ப்பலகையே முதல் பக்கம்.

'சின்னப் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு' என்ற தயக்கம் ஆசிரியர்களிடம் இருப்பதை அறிவேன். ஆனால் வளம் இருக்குமிடத்தில் வழக்கும் இருக்கும். மூடா ஆற்று நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி வேண்டும் என்கிறது கெடா. தன் கரையில் எடுக்கும் நீருக்குப் பணம் எதற்கு என்கிறது பினாங்கு. காட்டை வெட்டாமல் காப்பவருக்கு என்ன கைம்மாறு, கீழே இருப்பவரின் உரிமை எவ்வளவு? நான்காம் ஆண்டு வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துக் கேட்டால் பிள்ளைகள் அழகாக வாதாடுவார்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் வேலைக்காக மாநிலத்தின் பெரும்பகுதியில் தண்ணீர் நின்றதே, அப்போது வாளி தூக்கியவர்கள் அவர்களும்தான்.

2027இல் தொடங்கும் புதிய கலைத்திட்டத்தில் 'ஆலாம் டான் மனுசியா' என்ற பெயர் திரும்பி வருகிறது. பெயர் வந்தால் போதாது. பழைய பட்டியலுக்குப் புதிய அட்டை போடும் வேலையாக அது முடியக்கூடாது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தலைமையாசிரியர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவில் பேரங்காடியை விட்டுவிட்டு, பேருந்தை மெங்குவாங் அணைப் பக்கம் திருப்புங்கள். கையில் ஒரு வரைபடமும் கொடுத்து அனுப்புங்கள்.