வரி மறுப்பும் விடுதலையும்: கல்வராயன் மலையிலிருந்து சில கேள்விகள்

வரி கொடுக்க மறுப்பதிலிருந்துதான் விடுதலைப் போர் பிறக்கிறது என்பது நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு வாய்பாடாகவே ஆகிப்போனது. பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், 1776இல் அமெரிக்கா பிறந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் கிஸ்தி கட்ட மறுத்தார்கள், அதன் தொடர்ச்சியாக 1947 வந்தது. இவ்விரண்டு கதைகளையும் கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறி, வெள்ளிமலையில் நின்றுகொண்டு வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே என் அக்கறை.

வரிப் பூசல் எந்தக் கணத்தில் விடுதலைக் கோரிக்கையாக மாறுகிறது? தொகை கூடும்போது அல்ல என்று நினைக்கிறேன். ஏழாண்டுப் போரின் கடனை அடைக்க, 1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது முத்திரைத்தாள் வரி போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது. பெற்ற கையோடு, உங்கள்மீது எந்தச் சட்டமும் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தனியாக ஒரு பிரகடனச் சட்டமும் போட்டது. 1773இன் தேயிலைச் சட்டம் தேயிலை விலையைக் குறைக்கவே செய்தது. அப்படியும் கடலில் கொட்டினார்கள். 'எவ்வளவு' என்ற கேள்வி 'நீ யார் கேட்க?' என்பதாக மாறிய இடம் அது. கடலில் போனது யாருடைய தேயிலை? நம்மிடம் கிஸ்தி வசூலித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை.

தொடர்பு அதோடு நிற்கவில்லை. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தான். 1792இல் திப்புவைப் பணியவைத்து சேலம், பாரமகால் பகுதிகளைப் பிடுங்கியவனும் அவனே. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு கம்பெனிக் கணக்கில் ஏறியது அப்படித்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் 1801இல், கர்நாடக நவாபின் ஆட்சி முடிந்தபோது போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் இழந்ததை இங்கே பிடித்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அதே 1792இல் நவாபோடு செய்த ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் பொறுப்பு கம்பெனிக்குப் போனது. கட்டபொம்மன் 1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது பாக்கிக் கணக்கு பேசத்தான். 1799இல் கயத்தாற்றில் தூக்கு. 1801 ஜூனில் மருது பாண்டியர் திருச்சியில் ஒட்டிய பிரகடனம் கணக்கு பேசவில்லை. ஜம்புத்தீபத்து மக்களை அழைத்து நாடு யாருடையது என்று கேட்டது. இதைத்தான் ராஜய்யன் 1971இல் எழுதிய நூலில் முதல் விடுதலைப் போர் என்று வாதிட்டார். அந்தப் பாய்ச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பிரகடனம் நான்கு வருணங்களையும் முஸ்லிம்களையும் பேர்சொல்லி அழைக்கிறது. சேரியும் மலையும் அந்தப் பட்டியலில் தனியே இல்லை.

1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தைத் தமிழ்நாட்டில் மனப்பாடமாக ஒப்பிக்காத பள்ளிக்கூடமே இல்லை எனலாம். அதன் தர்க்கத்தைக் கவனியுங்கள். வயல் வேலை எதுவும் செய்யாத வெள்ளைக்காரனுக்கு விளைச்சலில் பங்கு ஏது என்பதுதான் வாதம். உழைப்பே உரிமை என்கிற அருமையான வாதம். சரிதான், ஆனா நாத்து நட்டது யாருங்க? அரண்மனையா? அதே கேள்வியைக் குடியானவன் பாளையக்காரனைப் பார்த்தும், பண்ணையாள் குடியானவனைப் பார்த்தும் கேட்கலாமே! வசனம் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே கைதட்டல் கேட்டுவிடுகிறது. கேள்வியை வெள்ளைக்காரன் பக்கம் மட்டும் திருப்பிவிட்டு, உள்ளே திரும்பாமல் பார்த்துக்கொள்கிற சொல்லாடலுக்குத்தான் நாம் தேசியம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

இது சினிமாவோடு போகிற விஷயமில்லை. 1922 பிப்ரவரியில், சௌரி சௌராவுக்குப் பிறகு, பர்தோலியில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி ஒத்துழையாமையை நிறுத்திய கையோடு இன்னொன்றும் சொன்னது: ஜமீன்தார்களுக்குக் குத்தகை கொடுக்க மறுப்பது காங்கிரஸ் தீர்மானங்களுக்கு விரோதம். சர்க்காருக்கு வரி மறுப்பது போராட்டம், ஜமீனுக்கு மறுப்பது விரோதம்! 1930இல் உப்பு எடுபட்டதற்கும் இதுவே காரணம் என்பது என் வாசிப்பு. நிலமில்லாதவனும் உப்பு வரி கட்டினான், ஆனால் அந்த வரிக்கு இடையில் எந்த உள்ளூர்ப் பண்ணையாரும் நிற்கவில்லை. வேதாரண்யத்தில் உப்பு அள்ளலாம், தஞ்சாவூர் மிராசுதாருக்குச் சங்கடமில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். போர் முடிந்த சூட்டில், 1786இல் மாசாசூசெட்ஸ் விவசாயிகள் வரிச்சுமைக்கும் கடன் வழக்குகளுக்கும் எதிராக ஷேஸ் என்பவர் தலைமையில் எழுந்தார்கள். ஒருகாலத்தில் தேயிலைப் போராட்டத்தை மூட்டிவிட்ட சாமுவேல் ஆடம்ஸ், இவர்களை ஒடுக்கச் சொன்னார். 1794இல் விஸ்கி வரியை எதிர்த்தவர்கள்மேல் வாஷிங்டனே படை திரட்டிப் போனார்.

இப்போது மலைக்கு வருவோம். கல்வராயன் மலையின் தென்னாற்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்தது. மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கட்டினார்கள், கூலியில்லா வேலையும் செய்தார்கள். 1947 வந்தது, போனது. 1948இல் ஜமீன் ஒழிப்பு, 1963இல் இனாம் ஒழிப்பு என்று கீழே சட்டங்கள் வந்தன. மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது 1976இல்தான். நாடே நெருக்கடி நிலையில் வாய் கட்டப்பட்டுக் கிடந்த வருஷம் அது. தேசத்தின் உரிமைகள் முடக்கப்பட்ட காலத்தில் மலைக்கு 'சுதந்திரம்' வந்ததை எந்தப் பெருங்கதையாடலுக்குள் வைப்பது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வந்தன. ஒரு மலையை அரசு எப்போது பார்க்கிறது என்று யோசியுங்கள். 1886 ஆப்காரிச் சட்டத்திலிருந்து 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது வரை, சாராயம் அரசுக்கு வருமானம். வரி கட்டாத சாராயம்தான் 'கள்ளம்'. விஷம் விற்றவர்களை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, அவர்கள் கொலைகாரர்கள். குடித்துச் செத்தவர்கள் ஏழைக் கூலிகள் என்பதையும், மலைக்காரன் குடிமகனாகத் தெரியாமல் காய்ச்சுபவனாக மட்டுமே கோப்புகளில் தெரிந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர்கள், பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்றார்கள். அந்த முழக்கம் போட்டவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஆகவே வரி மறுப்பைப் பற்றி எழுதும்போது தோழர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்பேன். மறுக்கிறவன் யாருக்குக் கட்ட மறுக்கிறான் என்பது ஒன்று. மறுத்து மிச்சம்பிடித்ததை அவன் யாரிடமிருந்து வசூலித்தான் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நம்மிடம் சிலைகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஜாகீர்க் கணக்குகளைத் தேடிப் போய்ப் படிக்கிற வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.