ரசனை கழித்துப்போட்ட காகிதம்

பழைய புத்தகம் சேகரிப்பவர்கள் தென்காசிப் பக்கம் வந்தால் தேடுவது ரசிகமணி டி.கே.சி.யைத்தான். அவர் எழுதிய கடிதம், முதற்பதிப்பு, கூடவே குற்றாலக் குறவஞ்சியின் பழைய அச்சு. தேடுவதில் தப்பில்லை. ஆனால் இந்தத் தேடலை வழிநடத்தும் அளவுகோலைக் கொஞ்சம் கிளறிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த டி.கே.சி., கம்பனில் தன் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், பாடங்களையும் திருத்தினார். அதே நெல்லைச் சீமைக்காரரான எஸ்.வையாபுரிப்பிள்ளையோ, பிடிக்குதோ பிடிக்கலையோ, சுவடிகளை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தார். நமது சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் டி.கே.சி.யின் வாரிசுகள். 'அழகு', 'அரியது', 'தரம்' என்கிற சல்லடையில் தங்காதது கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

அப்படிப் போவதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். தொண்ணூறுகளின் தொடக்கத்தது என்றால் அது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் சீட்டு. 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மனின் தளபதியாக அறியப்படும் அவர், தேவேந்திரகுல வேளாளர் கொண்டாடுகிற வீரர். அரசன் பெயரிலான பஸ்ஸில் அத்தனை காலம் ஏறி இறங்கிய ஆதிக்க சாதிகள், தளபதி பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், சாவுகள். அரசு கண்ட தீர்வு(!) என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே நீக்கிவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது அப்படித்தான். (தென்காசி அதிலிருந்து பிரிந்தது 2019இல்.) ஆக, பழைய கல்யாணப் பத்திரிகையின் முகவரியிலோ லாட்ஜ் ரசீதின் தலைப்பிலோ கிடக்கும் அந்த மாவட்டப் பெயர், அச்சுக்கோத்தவருக்கே தெரியாமல் பதிவான ஒரு சாதியப் பிரதி. சுந்தரலிங்கம் பெயர் தாங்கிய ஒரு துண்டுச் சீட்டை எந்த ரசிகர் எடுத்துவைத்திருப்பார்?

ரோஜா முத்தையா போன்ற ஒருவர் எடுத்துவைத்திருப்பார். பெயர்ப்பலகை எழுதும் தொழிலிலிருந்த கோட்டையூர்க்காரர். நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், பாட்டுப்புத்தகம் எதையும் அவர் கழிக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். அதை 1994இல் வாங்க சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது என்பதில் நம் தமிழ்த்துறைகளுக்கான விமர்சனம் இருக்கிறது. நல்லவேளை, சேகரிப்பு சென்னையிலேயே தங்கிவிட்டது.

ரசனையாலோ தொகுக்கும் வெறியாலோ மட்டும் எல்லாம் பிழைப்பதில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பல பத்தாண்டுகள் இலக்கிய வரலாறுகளில் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைப் பாதுகாத்தது அரும்பொருள் என்பதற்காக அல்ல. அது அவர்களுடைய சொந்த வழக்கின் சாட்சியம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்ததற்கு அடித்தளம் அப்படிப்பட்ட வீட்டு அலமாரிகள்தான். சங்க நோட்டீஸ், கூலிப் போராட்டத் துண்டறிக்கை, கோயில் நுழைவு வழக்கின் தாள் என்று நம் தோழர்கள் வீட்டுப் பரணிலும் இவை கிடக்கும்.

ஒரு நடைமுறை விஷயம். இப்போது மிஷினில் வரும் டிக்கெட்டும் ரசீதும் வெப்பத்தில் எழுத்து விழும் தாள். சில மாதங்களிலேயே வெளுக்க ஆரம்பித்துவிடும். எடுத்துவைப்பவர்கள் அன்றைக்கே நகலெடுத்து, பின்பக்கம் தேதியையும் ஊரையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.