காரைக்காலின் சிவப்புக் கெப்பி: படைத் தலையணி ஆய்வில் ஒரு விடுபாடு

காரைக்காலில் பணிபுரியும் புதுச்சேரிக் காவலரின் சிவப்புக் கெப்பி, பிரெஞ்சுப் பண்பாட்டின் எச்சம் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. சுற்றுலாக் கையேட்டுக்கு இவ்விளக்கம் போதும், ஆய்வுக்குப் போதாது. ஒரு படையின் தலையணியைத் தீர்மானித்தவர் யார், வழங்கியவர் யார், எது எதற்கு மாற்றாக வந்தது என்னும் வினாக்களை அது எழுப்புவதே இல்லை.

கெப்பி பிரான்சின் தொல்மரபன்று. 1830களில் அல்ஜீரியப் போரின்போது, வெப்பத்துக்கு ஒவ்வாத கனத்த ஷாக்கோவுக்கு மாற்றாக வந்த இலேசான தொப்பியிலிருந்து உருவானது அது. முதல் உலகப் போரில் தலைக்காயங்கள் பெருகவே, 1915இல் அட்ரியான் என்னும் அதிகாரியின் பெயர் பெற்ற எஃகுக் கவசம் களத்தில் அதன் இடத்தைக் கைப்பற்றியது. குடியேற்ற நாட்டுப் போரில் பிறந்து அகழிப் போரில் பின்தள்ளப்பட்ட பொருளே காரைக்காலில் நிலைத்திருக்கிறது.

தலையணி மாற்றத்தின் விளைவை அறிய வேலூரை நோக்க வேண்டும். சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக் புகுத்திய, தோற்குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகை சமய உணர்வைப் புண்படுத்தியது என்பர் ஒரு சாரார். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களே காரணம், தலைப்பாகை வெறும் சாக்கு என்பர் மறுசாரார். இரு சாராரும் 1806 மே மாத நிகழ்வை விரைந்து கடந்துவிடுகின்றனர். 4ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் அத்தலைப்பாகையை அணிய மறுத்தது. இந்து ஒருவருக்கும் இசுலாமியர் ஒருவருக்கும் 900 கசையடி விதிக்கப்பட்டது. பின்னர் அப்பட்டாளமே வேலூரிலிருந்து அகற்றப்பட்டு, 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம் அங்கு அமர்த்தப்பட்டது. தலைப்பாகையை மாற்ற மனமில்லாத நிருவாகம் தலைகளை மாற்றியது எனலாம். ஜூலை 10 அன்று எழுந்தவர்களுள் புதிதாக வந்த அப்பட்டாளத்தாரும் இருந்தனர்.

திப்புவின் மைந்தர்கள் இல்லாத ஐதராபாத்திலும் அதே அதிருப்தி நிலவியது. அங்கிருந்த தளபதி மாண்ட்ரெசர் ஆணையை நிறுத்திவைத்தார், கலகம் வெடிக்கவில்லை. வேலூர்க் கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'வெறும் சாக்கு' என்னும் வாதம் ஐதராபாத்தை விளக்கத் தவறுகிறது. சமயக் காரணம் மட்டுமே கூறுவோரும் பொருளின் வழங்கலைக் கருதுவதில்லை. அக்காலப் பிரித்தானியப் படையில், வீரரின் ஊதியத்திலிருந்து பிடித்த தொகையைக் கொண்டு கர்னலே ரெஜிமெண்டுக்கு உடை தைத்து வழங்கினார்; மிச்சம் அவருக்கே உரியது. அந்நாளைய படையுடை மானத்தோடு வரவு செலவுக்கும் உரிய பொருள். சென்னைப் படையின் உடைக்கணக்குகளை இக்கண்ணோட்டத்தில் வாசிப்பது பழைய விவாதத்தை முன்னகர்த்தும்.

காரைக்கால் பிரெஞ்சுப் பகுதி என்பதால் இவ்வரலாற்றுக்குப் புறம்பானது எனக் கொள்வதும் பிழை. 1793 முதல் 1817 வரை அது ஆங்கிலேயர் வசம் இருந்தது. தலைப்பாகை ஆணை பிறந்தபோது அவ்வூரின் கொடியும் சென்னையின் கொடியும் ஒன்றே. 1954 நவம்பர் 1இல் நிருவாகம் இந்தியாவிடம் வந்தபோது நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது: கொடி இறங்கியது, கெப்பி நீடித்தது. வெளியேறிய அரசின் தலையணியைப் புதிய அரசு தன் செலவில் ஏன் தொடர்ந்து வழங்கியது? இதற்கான விடையைப் பிரெஞ்சுப் பண்பாடு பற்றிய பொதுக் கூற்றுகளில் அன்று, காவல்துறைப் பண்டகசாலையின் வழங்கற் பதிவேடுகளிலேயே தேட வேண்டும்.