பட்டா இல்லாமல் ஆறாத காயம்

1962ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், மத்திய அரசு ஏழைகளுக்கு இலவசமாக அனுப்பிவந்த உணவுப் பொருள்களின் விநியோகத்தை நிறுத்தியது. கருப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்வந்ததற்கான தண்டனை அது. பருத்தி எடுப்பு ஓய்ந்து, கையில் கூலி இல்லாத மாதங்கள். பல ஆயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அங்கே வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் அப்போதே ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: சோறு அடுத்தவன் கையில் இருக்கும்வரை ஓட்டும் அவன் கையில்தான்.

‘உணவு நீதி’ என்று இன்று பேசப்படும் இயக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் நகரத்து மொட்டைமாடித் தோட்டங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். நிலம் பறிபோன கதையைச் சொல்லாமல் தோட்டம் போட்ட கதையைச் சொல்வது பாதிக் கதைதான்.

1865 ஜனவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், ஜெனரல் ஷெர்மன் பிறப்பித்த 15ஆம் எண் ஆணை, விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்குக் கடலோர நிலத்தில் நாற்பது ஏக்கர் வரை ஒதுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். அப்படியிருந்தும் வாரத்துக்குப் பயிரிட்டு, காசு காசாகச் சேர்த்து, கருப்பின மக்கள் நிலம் வாங்கினார்கள். 1920இல் அவர்கள் சாகுபடி செய்த பண்ணைகள் 9 லட்சத்துக்கும் மேல். அந்நாட்டு விவசாயிகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் கருப்பினத்தவர். 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அது நூற்றில் ஒருவரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

அவர்கள் தாமாகவே நகரத்துக்குப் போனார்கள் என்பது பழைய விளக்கம். வரலாற்றாசிரியர் பீட் டேனியல் 2013இல் எழுதிய ‘டிஸ்பொசெஷன்’ அந்த விளக்கத்தைத் தகர்க்கிறது. வேளாண் துறையின் கடனையும் மானியத்தையும் முடிவுசெய்த உள்ளூர்க் குழுக்களில் இருந்தவர்கள் வெள்ளைப் பண்ணையார்கள். விதைப்புக்கு முன் வரவேண்டிய பயிர்க்கடன் பருவம் தப்பி வந்தால் போதும், ஒரு குடும்பத்தை முடக்கிவிடலாம். துப்பாக்கி தேவையில்லை.

மீதியை வாரிசுரிமைச் சட்டம் பார்த்துக்கொண்டது. உயில் எழுதாமல் தாத்தா இறந்தால் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிக்கப்படாத பொதுச்சொத்து. எங்கோ சிகாகோவில் இருக்கும் பங்காளி ஒருவரின் சிறு பங்கை வியாபாரி ஒருவன் வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். அங்கேயே உழுதுகொண்டிருந்தவர் வெளியே நிற்பார். இதைத் தடுக்க ஒரு மாதிரிச் சட்டம் 2010இல்தான் எழுதப்பட்டது.

இத்தனைக்கும் எதிர்வினையாக எழுந்த முயற்சிகளை மோனிகா ஒயிட் 2018இல் ‘ஃப்ரீடம் ஃபார்மர்ஸ்’ நூலில் தொகுத்தார். அதன் நடுநாயகமாக நிற்பவர் ஃபேனி லூ ஹேமர். பெற்றோரின் இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்ற குற்றத்துக்காகப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1969இல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் நாற்பது ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். அது பின்னர் அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்தது. அங்கே ‘பன்றி வங்கி’ நடந்தது. ஒரு குடும்பம் பெண் பன்றியை வாங்கிப்போய் வளர்க்கும். ஈனும் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பும். அவை அடுத்த வீட்டுக்குப் போகும். வட்டியில்லை, அடமானமில்லை. வெள்ளமும் வறட்சியும் வரிப் பாக்கியும் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் பண்ணையை மூழ்கடித்தன. தோற்ற முயற்சி என்று இதை ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டினி போட்டு மக்களை அடக்க முடியாத ஓர் இடம் சில ஆண்டுகளாவது இருந்தது.

அதே 1969இல் ஜார்ஜியாவின் லீ மாவட்டத்தில் சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் தம்பதி தோழர்களுடன் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்காக வாங்கிய நிலம் 5,700 ஏக்கருக்கு மேல். ஷெர்லிக்குப் பதினேழு வயதிருக்கும்போது அவர் தந்தையை ஒரு வெள்ளை விவசாயி சுட்டுக் கொன்றிருந்தான், வழக்கே நடக்கவில்லை. ஊரை விட்டுப் போவதில்லை என்று அன்று அந்தப் பெண் முடிவெடுத்தார். தனியாருக்கு விற்க முடியாத பொது உடைமையாக நிலத்தை வைத்துக்கொண்டு, உழைப்பவருக்கு நீண்ட குத்தகைக்கு விடும் அறக்கட்டளை முறை அங்கேதான் முளைத்தது. அதை வகுத்த ராபர்ட் ஸ்வான் போன்றோருக்கு ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கும் வினோபா பாவேயின் கிராமதானம் ஒரு முன்மாதிரி. தமிழ்நாட்டில் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் ஊர் ஊராக நடந்து திரட்டிய அதே கிராமதானம்.

வறட்சி வந்தது. அக்கம்பக்கத்து வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. 1985இல் நிலம் முழுவதும் போயிற்று.

மறு ஆண்டு ஷெர்லியிடம் ரோஜர் ஸ்பூனர் என்ற வெள்ளை விவசாயி உதவி கேட்டு வந்தார். அவர் பண்ணையும் ஏலத்துக்கு வர இருந்தது. முதலில் ஷெர்லி முழு மனதோடு உதவவில்லை. ஒரு வெள்ளை வழக்கறிஞரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த வழக்கறிஞர் கைவிட்டது தெரிந்ததும் வேறொருவரைத் தேடிப்பிடித்து, ஸ்பூனரின் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். 2010இல் இந்தக் கதையை அவர் மேடையில் சொன்ன காணொளியை யாரோ பாதியில் வெட்டிப் பரப்ப, இனவெறி பிடித்தவர் என்று பழிசுமத்தி, அப்போது அவர் வேலைபார்த்த வேளாண் துறை அவரிடம் ராஜினாமா வாங்கியது. அவருக்காகத் தொலைக்காட்சியில் வந்து பேசியவர்கள் ஸ்பூனர் குடும்பத்தார். துறை பிறகு மன்னிப்புக் கேட்டது. இனக்காயம் ஆறுவது பற்றி எத்தனையோ பயிலரங்குகள் நடக்கின்றன. நிலம் இழந்த ஒருத்தி, இழக்கவிருந்த இன்னொருவனுக்காக அலைந்த அந்த அலைச்சலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வேளாண் துறையின் பாரபட்சத்துக்கு எதிராகக் கருப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. இழப்பீடு பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஆளுக்கு 50,000 டாலர். நியூ கம்யூனிட்டீஸுக்கு 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. அதைக் கொண்டு ஜார்ஜியாவின் ஆல்பனி நகருக்கு அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்தப்பட்ட தோட்டம் அது. இப்போது அங்கே பீக்கன் கொட்டை மரங்கள். பழைய எஜமானின் மாளிகையில் கூட்டங்கள் நடக்கின்றன.

அடுத்த தலைமுறையின் குரல் லியா பென்னிமன். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், நல்ல காய்கறிக் கடையே இல்லாத வட்டாரத்தில் கைக்குழந்தைகளோடு வாழ்ந்தவர். 2010இல் கிராஃப்டன் மலைச்சரிவில் ‘சோல் ஃபயர் ஃபார்ம்’ தொடங்கினார். நமீபியாவின் ஒவாம்போ மக்களைப் போல மேட்டுப்பாத்தி கட்டி, வலுவில்லாத மண்ணைத் தேற்றினார். வருமானத்துக்கேற்ற விலையில் காய்கறிப் பெட்டிகளை வீட்டு வாசலுக்கே அனுப்பினார். அவருடைய ‘ஃபார்மிங் வைல் பிளாக்’ நூல் சாகுபடிக் கையேடாகவும் முன்னோர் வரலாறாகவும் ஒருங்கே நிற்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் கருப்பின இளைஞர்கள் பலருக்கு மண்வெட்டி என்றாலே அடிமை நினைவு. அந்தக் கசப்பு மண்ணுடையதல்ல, மண்ணில் நடந்த கொடுமையுடையது என்கிறார் பென்னிமன். இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் பயிற்சி முடித்து ஊர் திரும்பும் இளைஞனுக்கு உழ ஓர் ஏக்கர் வேண்டுமே.

2021இல் வெள்ளையரல்லாத விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்ய சுமார் 400 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றங்கள் தடை விதித்தன, மறு ஆண்டே அந்தத் திட்டம் ரத்தானது. பதிலுக்கு, இனம் குறிப்பிடாமல், பாரபட்சத்துக்கு ஆளான எவரும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிதி வந்தது; 2024இல் சுமார் 43,000 பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. உணவு நீதி பற்றி எழுதும் ஆய்வாளர்கள் புகழ்பெற்ற பண்ணைகளைப் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். இனி எழுதப்பட வேண்டியவை ஏலத்தில் நிலம் போன குடும்பங்களின் கதைகள்: எந்த ஆண்டு, எந்த அலுவலகம், எத்தனை ஏக்கர், இன்று அது யார் பெயரில் இருக்கிறது. அந்தந்த மாவட்டப் பத்திரப் பதிவேடுகளில்தான் அந்த ஆய்வு தொடங்க வேண்டும்.